சேற்றுக்குள் ஒரு நேரலை

வீடியோ முடிந்து திரை கறுத்த பிறகும் தண்ணீர்ச் சத்தம் நிற்கவில்லை. நான்கைந்து நொடிதான். கட்டிலில் மல்லாந்து கிடந்த உதயகுமார் போனைக் காதருகே கொண்டுபோவதற்குள் அதுவும் அடங்கி, ஞாயிற்றுக்கிழமை மதியத்தின் வழக்கமான ஓசைகள் திரும்பி வந்தன: வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை டிக் டிக்கென்று நெட்டி முறிக்கும் சத்தம், பக்கத்து வீட்டில் கருவாடு வறுபடும் சத்தமும் அதைவிட உரத்த அதன் வாசனையும், டேபிள் ஃபேன் இடதுபக்கம் திரும்பும்போது மட்டும் போடும் முனகல். மலிவு போன், ஸ்பீக்கரில் ஏதோ கோளாறு என்று முடிவுசெய்தான். உலகத்தில் எதைப் பற்றியும் அவன் மூன்று நொடிக்குள் முடிவுசெய்துவிடுவான். அதுதான் அவன் தொழில்.

தொழில் என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. பொன்னேரியில் பி.காம். இரண்டாம் வருடம் படித்த உதயகுமாரும், பழவேற்காட்டிலிருந்து அதே வகுப்புக்கு வந்த முகம்மது ரியாஸும் சேர்ந்து ‘யாரும் பாக்காதது’ என்று ஒரு பக்கம் நடத்தினார்கள். நூறு பேர்கூடப் பார்க்காத வீடியோக்களைத் தோண்டியெடுத்து, அவற்றை எடுத்த ஆட்களைச் சாவகாசமாக அவமானப்படுத்துவது பக்கத்தின் நோக்கம். பதினோராயிரம் பேர் பின்தொடர்ந்தார்கள். வேலைவெட்டி இல்லாத பதினோராயிரம் பேர் என்பது உதயகுமாரின் அபிப்பிராயம். அவர்களுக்கும் அவனைப் பற்றி அதே அபிப்பிராயம்தான், ஆகவே உறவு சுமுகமாக இருந்தது.

அந்த வாரம் வலையில் விழுந்தவை மோசமில்லை. ஐந்து பிரஷர் குக்கர்களை வரிசையாக அடுப்பில் ஏற்றி, விசில்களுக்கு மதிப்பெண் போட்டு, மூன்றாவது குக்கரின் விசிலில் ‘ஒரு சோகம் இருக்கிறது’ என்று கண்கலங்கிய ஆம்பூர்க்காரர் ஒருவர். தன் நத்தைக்கு முன்னால் இரண்டு கீரை இலைகளை வைத்து, அது எதைத் தேர்ந்தெடுக்கும் என்று ஐம்பது நிமிடம் கிரிக்கெட் வர்ணனை மாதிரி பேசிய நார்வே நாட்டுப் பெண்மணி ஒருத்தி. பாஷை புரியவில்லை, பதற்றம் புரிந்தது. நத்தை கடைசியில் இரண்டையும் விட்டுவிட்டுத் திரும்பி நடந்தபோது உதயகுமார் நிஜமாகவே கைதட்டிவிட்டான். அதற்காக அவன் இன்னும் தன்னை மன்னிக்கவில்லை.

அவன் எதையும் தேட மாட்டான். தேடினால் ஊர் பார்ப்பதுதான் வரும், ஊர் பார்ப்பது குப்பை. ஒன்றைத் திறந்து, அதன் ஓரத்தில் நீட்டப்படும் இன்னொன்றில் நுழைந்து, அங்கிருந்து அடுத்ததில் நுழைந்து, வந்த வழி மறக்கும்வரை போவான். இன்று கேட் கிறீச்சிடும் சத்தங்களைச் சேகரிக்கும் ஒரு ஆளிடம் தொடங்கினான். அது கீலுக்கு எண்ணெய் விடுபவரிடம் கொண்டுபோனது, அவர் பூட்ஸ் காலைச் சேற்றில் வைத்து வைத்து எடுக்கும் ஒரு குழுவிடம் அனுப்பினார். அந்தக் குழு நண்டு வளைக்குள் கேமரா விட்ட ஒருவரிடம் தள்ளியது. நண்டு கேமராவைக் கடித்தது. அவ்வளவுதான், அதற்கடுத்து இது.

சேனலுக்குப் பெயர் இல்லை. படம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறக் கட்டம். ஒன்பது வீடியோக்கள், ஒவ்வொன்றும் முக்கால் நிமிடம், தேதி ‘நேற்று’, பார்த்தவர்கள் யாருமில்லை.

முதல் வீடியோவில் இருந்தது சேறு. ஆறிப்போன டீ மாதிரி பழுப்பும் பச்சையும் கலந்த தண்ணீர், மேலே எங்கோ வெளிச்சத்தின் ஒரு பூச்சு, கீழே கேமராவைச் சுற்றிப் பிசுபிசுத்த கருமை. எடுத்தவன் தண்ணீருக்கு வெளியே இல்லை, உள்ளேயும் இல்லை. சேற்றில் கழுத்துவரை புதைந்து மேலே பார்ப்பவனுக்கு எப்படித் தெரியுமோ அப்படித் தெரிந்தது. இருபதாவது நொடியில் ஓரமாக ஒரு கை இறங்கியது. விரல்களை விரித்துச் சேற்றை அளைந்து, ஒரு இறாலைச் சட்டென்று அமுக்கி எடுத்துக்கொண்டு மேலே போனது.

உதயகுமார் ரியாஸுக்குக் குரல் பதிவு அனுப்பினான். “மச்சான், ஜாக்பாட். எவனோ சேத்துக்குள்ள கேமராவ பொதச்சி எங்க தெரு பொம்பளைங்க எறா பொறுக்கறத எடுத்துகிறான். இதுக்கு ஒரு சேனலு. இன்னா ஒரு பொழப்பு பாரு.”

பதில் உடனே வந்தது. “லிங்க் ஓபனே ஆவலயே மாமே. அப்படி ஒரு சேனலே இல்லங்குது. நீ இன்னாத்த பாத்துகினு கீற?”

திரையைப் பதிவு செய்து அனுப்பினான். ரியாஸுக்கு வெறும் கறுப்பும் தண்ணீர்ச் சத்தமும்தான் போயின.

“ஏஐ-டா அது,” என்றான் ரியாஸ்.

ரியாஸுக்கு இப்போதெல்லாம் எல்லாமே ஏஐ. காலேஜ் கேன்டீன் சாம்பாரைக்கூட அப்படித்தான் சொல்வான். உதயகுமார் அவனுக்கு ஒரு கழுதைப் படம் அனுப்பிவிட்டு இரண்டாவதைத் திறந்தான். கை கொஞ்சம் பக்கத்தில் வந்திருந்தது. மூன்றாவதில் இன்னும் பக்கம். விரல்களில் சைக்கிள் டியூப் வளையங்கள், நண்டு கடிக்காமலும் கெளுத்தி முள் ஏறாமலும் இருக்க இந்தப் பக்கம் எல்லோரும் மாட்டுவது. டியூப் வராத காலத்தில் பனையோலையோ துணியோ சுற்றுவார்களாம். ஆறாவதில் கை கேமராவுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று துழாவியது. வளையங்களுக்கு மேலே நகங்கள் தெரிந்தன. பாதி உரிந்த பிங்க் பாலிஷ்.

அந்த பாலிஷை அவனுக்குத் தெரியும். சேற்றில் கைவிடப் போகிறவளுக்கு நகப்பூச்சு ஒரு கேடா என்று போன வாரம்தான் கேட்டான். பதிலுக்கு அகப்பை வந்தது.

“டேய், சோத்த போட்டு வெச்சிகினு எவ்ளோ நேரம் கத்தறது?” அடுப்படியிலிருந்து பூவிழி வந்தாள். அவனைவிட ஒன்பது வயது மூத்த அக்கா. அம்மாவும் நைனாவும் காட்டூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்ததால் இரண்டு நாளாக வீட்டில் அவள் ஆட்சி. “அந்த செல்லுக்குள்ளயே பூந்துகினு கெட, ஒரு நாளு உள்ளாறயே வெச்சி மூடிடப் போறாங்க.”

“க்கா, இங்க வாயேன். இது ஒங் கைதான?”

ஈரக்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரிந்தது. ரியாஸுக்குத் தெரியாதது அவளுக்குத் தெரிந்ததில் உதயகுமாருக்கு முதலில் நிம்மதி, பிறகு அந்த நிம்மதியே என்னவோ போலிருந்தது.

“அய்ய, ஆமா. எங் கையிதான். பாலிஷ் நல்லாதான் கீது பாரு, நீதான் கிண்டலு பண்ண.”

“யாரு எடுத்தது?”

“எவனாச்சும் ஆபீசருங்க கேமரா போட்டிருப்பானுங்க. போன வருசம் எறா எண்றேன்னு வந்தானுங்களே, எண்ணிட்டா போனானுங்க?” நிமிர்ந்தவள் கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “டேய், ஒண்ணு சொல்றேன், எவ கிட்டயும் சொல்லாத. நாலு நாளா எவளோ ஒருத்தி எனக்கு எடம் காட்றா.”

உதயகுமாருக்கு அது புரிந்தது. அந்தத் தெருப் பெண்கள் தண்ணீர் வற்றும் நேரத்தில் பழவேற்காட்டு ஏரியில் இறங்கி, வரிசையாக மண்டியிட்டுத் தவழ்ந்து, கையாலேயே சேற்றைத் துழாவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட ஓலைப் பறி. அதன் கயிற்றைப் பல்லில் கடித்திருப்பார்கள், ஆகவே பேச முடியாது. சேற்றுக்குள் கையும் கையும் முட்டினால் ஒரு அமுக்கு: நான்தான், தள்ளிப் போ. இரண்டு அமுக்கு: இங்கே நிறைய இருக்கிறது, வா. அமுக்கினால் திருப்பி அமுக்க வேண்டும், அது மரியாதை. இரண்டு அமுக்கியது யாரென்று கரையேறிக் கேட்கக் கூடாது, அது அதைவிடப் பெரிய மரியாதை. கேட்டால் மற்றவர்களுக்குத் தெரிந்து அந்த இடமே கந்தலாகிவிடும். வாய் இருந்தும் ஊமைகள் நடத்தும் ரகசிய சங்கம் என்று உதயகுமார் இதைப் பக்கத்தில் ஒருமுறை போட்டுச் சிரித்திருக்கிறான்.

“ரெண்டு அமுக்கு வுழும். அந்தப் பக்கம் போனா பறி ரொம்புது. எல்லாம் வெரலு தண்டிக்கு வெள்ள எறா.”

“யாரு, பச்சையம்மா அக்காவா?”

“யாருக்குத் தெரியும்? சேத்துக்குள்ள மூஞ்சியா தெரியும்?”

“வரிசைல ஒனக்குப் பக்கத்துல யாரு?”

“ஒரு பக்கம் பச்சையம்மா. இன்னொரு பக்கம் யாரும் இல்ல, நாந்தான் கடேசி.”

“எந்தப் பக்கத்துலருந்து அமுக்கறாங்க?”

பூவிழி டியூப் வளையங்களை விரலில் மாட்டிக்கொண்டிருந்தாள். மூன்றாவது விரலில் கை ஒரு கணம் நின்றது. “நீ இன்னாடா, போலீஸு மாரி,” என்றாள்.

வெளியே பச்சையம்மாவின் குரல் கேட்டது. “பூவிழி! தண்ணி வத்திப்போய் எவ்ளோ நேரம் ஆவுது, நீ இன்னும் மேக்கப்பு போட்டுகினு கீறியா? எறா இன்னா ஒன்ன பொண்ணு பாக்கவா வருது?”

“வரேன்க்கா, மொதல்ல ஒன்ன பாத்துட்டு போவட்டும்!”

பறி வாசல்படியில் உரசும் சத்தம். சிரிப்பு. செருப்பில்லாத கால்கள் மணலில் தூரமாகிப் போகும் சத்தம். போகாதே என்று அவன் சொல்லவில்லை. எதற்கென்று கேட்டால் என்ன சொல்வது? சேறு எடுத்த வீடியோவில் சேறு தெரிகிறது என்றா?

ஏழாவது வீடியோவில் கை கேமராவைத் தாண்டிப் போய், நின்று, திரும்பியது. எட்டாவதில் நேராக வந்தது. ஒன்பதாவதில் பூவிழியின் விரல்கள் திரை முழுக்க அகன்று துழாவின. அப்போது கீழேயிருந்து, கேமரா இருந்த இடத்திலிருந்தே, பார்க்கிறவனின் சொந்தக் கை நீளுவது போல, இன்னொரு கை மேலே போனது. வெளுத்திருந்தது. தோல் ஊறிச் சுருங்கி, விரல்களின் நீளத்தில் ஏதோ கணக்குத் தப்பியிருந்தது. அது பூவிழியின் கையைப் பிடித்து இரண்டு முறை அமுக்கியது.

பூவிழியின் கை அசையாமல் நின்றது. பிறகு, மரியாதையாக, இரண்டு முறை திருப்பி அமுக்கியது.

திரை கறுத்தது. தண்ணீர்ச் சத்தம் நிற்கவில்லை. ஐந்து நொடி. பத்து நொடி. ஃபேன் இடதுபக்கம் திரும்பியும் முனகவில்லை. சட்டென்று அறையில் கருவாட்டு வாசனை போய், வற்றிய ஏரிக்கே உரிய அந்த அழுகிய முட்டை வாடை கட்டில் காலிலிருந்து எழுந்தது. போன் அதிர்ந்தது. பெயரில்லாத சேனல் நேரலையில் வந்திருக்கிறது. பார்ப்பவர்கள்: 1.

உதயகுமார் தன்னைப் பற்றி நல்ல அபிப்பிராயம் வைத்திருந்தவன். உடனே ஏரிக்கு ஓடியிருப்பான் என்றுதான் அவனும் நினைத்திருப்பான். நடந்தது வேறு. போனை மார்பில் வைத்துக்கொண்டு நான்கு நிமிடம் யோசித்தான். ஏரிக்கரையில் போய் நின்று, பதினொரு பெண்களுக்கு முன்னால், எங்கள் அக்காவைச் சேறு கூப்பிடுகிறது என்று எப்படிச் சொல்வது? பச்சையம்மா வருடக்கணக்கில் சொல்லிச் சிரிப்பாள். யாராவது போனில் எடுப்பார்கள். ரியாஸே வெட்டி ஒட்டிப் பக்கத்தில் போடுவான், அவனாக இருந்தாலும் போட்டிருப்பான். அந்த நான்கு நிமிடமும் நேரலையில் பழுப்புத் தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை. ஐந்தாவது நிமிடம் மேலே ஒரு நிழல் வந்தது. இரண்டு முழங்கால்கள். பூவிழியின் பச்சைப் பாவாடை தண்ணீரில் குடைபோல விரிந்திருந்தது. கை இறங்கியது.

அப்போது ஓடினான்.

மூன்றே கால் மணி வெயில். ஏரி தகடு மாதிரி கிடந்தது. வழியில் வலை காய்ந்துகொண்டிருந்தது, ஒரு நாய் எழுந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது. பயப்படுவதற்கு ஒன்றுமே இல்லாத பகல். கரையிலிருந்து ஐம்பது அடியில் தலைகள் வரிசையாக நகர்ந்தன. எண்ணினான். பத்து. பதினொன்றாவது தலை வரிசையில் இல்லை. வெகுதூரம் தள்ளி, ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்துப் பக்கம், தனியாக, முதுகைக் காட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது.

“அக்கா!”

பூவிழி திரும்பவில்லை. பதில் சொல்லவும் மாட்டாள். வாயில் பறிக் கயிறு.

தடதடவென்று தண்ணீரில் இறங்கினான். பச்சையம்மா பல்லிலிருந்து கயிற்றை எடுத்தாள். “டேய், இன்னா எழவு இது? எறாவெல்லாம் கலச்சிட்டியேடா! காலேஜி படிச்சிகினு தண்ணில நடக்கத் தெரில?”

“பச்சையம்மா அக்கா, எங்க அக்காவுக்கு எடம் காட்டனது நீங்களா?”

கேட்கக் கூடாத கேள்வி. பத்து தலைகளும் திரும்பின. பச்சையம்மா எச்சில் துப்பினாள். “எனக்கே எறா இல்லாம நாலு நாளா வெறும் பறியோட போறேன். நான் அவளுக்குக் காட்றனா?”

மற்ற பெண்கள் கயிற்றைக் கடித்தபடியே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி தலையசைத்தாள். இல்லை. இன்னொருத்தியும். இல்லை.

தண்ணீர் தொடையளவு. சேறு ஒவ்வொரு காலையும் விடமாட்டேன் என்று இழுத்துப் பிறகு விட்டது. போனை மேலே தூக்கிப் பிடித்திருந்தான், ஏனென்று தெரியவில்லை. திரையைப் பார்த்தான். பழுப்புத் தண்ணீர். பச்சைப் பாவாடை. அதற்குப் பின்னால், மங்கலாக, இரண்டு கால்கள் வந்துகொண்டிருந்தன. ஜீன்ஸ் போட்ட கால்கள்.

அவன் நின்றான். திரையில் கால்களும் நின்றன.

பார்ப்பவர்கள்: 214.

போன் எங்கே விழுந்தது என்று அவனுக்குத் தெரியாது.

“அக்கா, எழுந்திரு. க்கா. கைய எடு.”

இப்போது அவள் திரும்பினாள். தாடைவரை தண்ணீர். கயிறு பல்லில். மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள், வேகமாக, குட்டிக் குட்டியாக. பறி பக்கத்தில் நிறைந்து மிதந்தது, வெள்ளை இறால்கள் ஒன்றன்மேல் ஒன்று துள்ளின. அவள் கண்கள் அவனைத் திட்டவில்லை. அதுதான் மோசம். எப்போதும் திட்டும் கண்கள் அவை.

இடது கை சேற்றுக்குள் இருந்தது.

அவள் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினான். முழங்கை வந்தது. மணிக்கட்டு வந்தது. விரல்கள் வந்தன. விரல்களைப் பிடித்திருந்த கையும் வந்தது.

அதன் விரல்களில் டியூப் இல்லை. பனையோலை சுற்றியிருந்தது. அதற்கப்பால், ஒரு ஆள் கை நீட்டும் தூரத்தில், தண்ணீர் புடைத்துப் பிளந்து கோத்துக்கொண்ட இரண்டு கைகள் எழுந்தன. அதற்கப்பால் இன்னும் இரண்டு. வலையை இழுத்தால் மிதப்புகள் வரிசையாக மேலே வருமே, அப்படி. ஒன்றன்பின் ஒன்றாக. ஓலை சுற்றியவை. துணி சுற்றியவை. ஒன்றும் சுற்றாதவை. வெயிலில் பளபளத்துக்கொண்டு, கோத்த கைகள், முகத்துவாரம்வரை.

பின்னால் யாரோ அலறினார்கள். பச்சையம்மாவாக இருக்கலாம். தண்ணீரை அடித்துக்கொண்டு கரைக்கு ஓடும் சத்தம். பிறகு சத்தம் இல்லை.

பூவிழி அலறவில்லை. கயிற்றைக் கடித்திருந்தாள்.

தூரத்துக் கைகள் முதலில் அமிழ்ந்தன. அவசரமில்லை. ஒரு ஜோடி. அடுத்த ஜோடி. யாரோ அந்த முனையிலிருந்து நிதானமாக இழுக்கிறார்கள். அமிழ்வது இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தது. பாதி தூரம். கால்வாசி.

ஆறு ஜோடி.

நான்கு.

அவன் இரண்டு கைகளாலும் அக்காவின் தோளைக் கட்டிக்கொண்டான்.

இரண்டு.

பூவிழியின் இடது கை நேராக நீண்டு விறைத்தது. உதயகுமார் பிடியை விடவில்லை. அவன் பாதங்களுக்கு அடியில் சேறு, மெத்தென்று, வழிவிட்டது.